போடி பாதையின் கேட் அறைக்கு எந்தச் செங்கல்?

கேள்வி: நான் உசிலம்பட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையில் சிறுவயதில் பார்த்த ஒரு கேட் கீப்பர் அறையை, கையில் இருக்கும் பழைய புகைப்படம் ஒன்றை வைத்து எச்.ஓ. அளவில் மாதிரியாகச் செய்து வருகிறேன். செங்கல் வரி பதித்த பிளாஸ்டிக் தாள்கள் இரண்டை ஒரு வியாபாரியிடம் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். சுவரில் வைத்துப் பார்த்தால் குளியலறை டைல்ஸ் போல இருக்கிறது. பத்து வரியை அளந்தால் 17 மி.மீ. வருகிறது. "எச்.ஓ.தான் சார், வண்ணம் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார் அவர். லேசரில் வெட்டித் தர ஒருவர் 2,500 ரூபாய் கேட்கிறார். முப்பரிமாண அச்சில் எடுக்கலாம் என்கிறான் பேரன். எதைச் செய்வது?

பதில்: மூன்றும் வேண்டாம். கையாலேயே கீறிவிடுங்கள். முதலில் அந்தத் தாளின் கதையைப் பார்த்துவிடுவோம்.

எச்.ஓ. என்பது 87-ல் ஒரு பங்கு. உங்கள் தாளில் ஒரு வரி 1.7 மி.மீ. என்றால், அதை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 148 மி.மீ., அதாவது அரை அடி உயரமுள்ள செங்கல் வரி. அப்படி ஒரு கல்லை நம் பக்கத்து எந்தச் சூளையிலும் அறுத்ததில்லை. அது 'ஓ' என்ற பெரிய மாதிரி அளவுக்காக, ஓர் அடிக்கு 7 மி.மீ. என்ற கணக்கில், இங்கிலாந்துச் செங்கலை வைத்துச் செய்த தாள். வியாபாரிக்கு இது தெரியாமல் இருக்கலாம், தெரிந்தே தள்ளிவிட்டிருக்கவும் கூடும். வண்ணம் அடித்தால் கல் சிறியதாகிவிடும் என்று சொல்பவரை நான் இரண்டாவது வகையில்தான் சேர்ப்பேன்.

இந்தத் தொழிலில் அளவுகளுக்குப் பெயர் வைத்த முறையே ஒரு குளறுபடி. எச்.ஓ. 87-ல் ஒரு பங்கு, ஓ.ஓ. 76-ல் ஒரு பங்கு. ஆனால் இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில். ஆகவே கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகவே அடுக்கி, கையில் கிடைத்த பெயரைச் சொல்லி விற்கிறார்கள். நீங்கள் பெயரைப் பார்க்கவே வேண்டாம். ஸ்கேலை வைத்துப் பத்து வரியை அளந்து பாருங்கள். நம் பழைய செங்கல் 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குலக் கனம். சாந்தையும் சேர்த்தால் ஒரு வரி சுமார் 86 மி.மீ.; அதை 87-ஆல் வகுத்தால் ஒரு மி.மீ. ஆக, பத்து வரி 10 மி.மீ. வந்தால் அது உங்கள் தாள். வேடிக்கை என்னவென்றால், ஒல்லியான இங்கிலாந்துக் கல்லுக்காக ஓ.ஓ. என்று போட்டு விற்கும் தாள் இந்தக் கணக்கில் அப்படியே உட்கார்ந்துவிடும், எச்.ஓ. என்று சரியாகவே போட்டு வரும் அமெரிக்கத் தாளில் பத்து வரி 8 மி.மீ.கூட இராது, ஏனென்றால் அவர்கள் 8 அங்குல உயரத்துக்கு மூன்று வரி கட்டுகிறவர்கள்.

வரி சரியாக இருந்தாலும் கட்டு சரியாக இருக்க வேண்டும், இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கடையில் கிடைக்கும் தாள்களில் பெரும்பகுதி எல்லா வரியிலும் கல்லின் நீளப் பக்கத்தையே காட்டும். அது நாலரை அங்குலத் தடுப்புச் சுவரின் முகம். பழைய ரயில்வே அறைகள் ஒன்பது அங்குலச் சுவர்கள். கொத்தனார்கள் இன்றும் இங்கிலீஷ் பாண்ட் என்று சொல்லும் முறையில் கட்டியவை. அதாவது ஒரு வரி முழுக்க நீளப் பக்கம், அதற்கு மேல் வரி முழுக்கக் குறுக்குப் பக்கம், இப்படி மாறி மாறி வரும். குறுக்கு வரியில், மூலைக் கல்லை அடுத்து, நெடுக்கில் பிளந்த சன்னமான துண்டு ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டால் மேல்வரி இடைவெளியும் கீழ்வரி இடைவெளியும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து நிற்கும். மூலையில் இன்னொன்று: முன்சுவரில் நீளமாகத் தெரியும் வரி, திரும்பியதும் பக்கச் சுவரில் குறுக்காகத் தெரிய வேண்டும். இது தவறினால் நான்கு அட்டைகளை ஒட்டி வைத்த பெட்டி என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

லேசர்காரர் கேட்கும் 2,500 ரூபாயில் பெரும்பகுதி 'டிசைன்' கட்டணம் என்று அவரே ஒப்புக்கொள்வார். அந்த டிசைன், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செங்கல் படத்தைச் சுருக்கி ஒட்டியதாக இருக்கும். மூலை எங்கே, கதவு எங்கே என்று அதற்குத் தெரியாது. தவிர, 10 மி.மீ. சாந்து இந்த அளவில் 0.11 மி.மீ.தான். சாதாரணக் கடை லேசரின் கீறலே அதைவிடத் தடிமனாக விழும். முப்பரிமாண அச்சும் அப்படியே. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடிக்கும் கடை இயந்திரத்தின் துளை பொதுவாக 0.4 மி.மீ.; அதைக் கொண்டு 0.11 மி.மீ. கோடு கேட்பது, சுவர் வெள்ளையடிக்கும் பிரஷ்ஷில் கண்மை தீட்டச் சொல்வது போன்றது.

சுவருக்கு, சைன்போர்டு கடைகளில் சன்போர்டு என்ற நுரைப் பிளாஸ்டிக் பலகையைக் கேளுங்கள். 3 மி.மீ. கனத்தில் ஒரு துண்டு போதும். அதை 87-ஆல் பெருக்கினால் 261 மி.மீ.; ஒன்பது அங்குலச் சுவரும் உட்பூச்சும் சேர்ந்த கனம் ஏறத்தாழ அதுவே என்பதால், சன்னல் பள்ளத்தின் ஆழமும் தானாகவே சரியாகிவிடும். பத்தடி உயரச் சுவர் 35 மி.மீ., ஆகவே 35 வரி. அளவுக்குக் கருவி வேண்டாம். பிள்ளைகளின் கிராஃப் தாளிலேயே மி.மீ. கட்டம் இருக்கிறது. அதைக் கீற்றாக வெட்டிச் சுவரின் இரு ஓரத்திலும் ஒட்டி, இரும்பு ஸ்கேலை இரண்டிலும் ஒரே கோட்டில் வைத்து, ஊசியால் ஒரே ஒரு முறை மெல்ல இழுங்கள். இரண்டாம் முறை இழுத்தால் கோடு அகன்றுவிடும். குத்துக் கோடுகளுக்கு 11 மி.மீ. என்பதை மனத்தில் வையுங்கள்: அதற்குள் நீளப் பக்கம் நான்கு, குறுக்குப் பக்கம் எட்டு. தையல் ஊசியின் காதுப் பக்கத்தைத் தேய்த்து 0.8 மி.மீ. அகல உளியாக்கிக்கொண்டால், கீறாமல் அழுத்தியே போய்விடலாம். நகைவேலைக் கருவிகள் விற்கும் கடையில் ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியும் வாங்கிக்கொள்ளுங்கள்; நீளமும் பத்தடி என்றால் ஒரு சுவருக்கு ஏறத்தாழ 680 குத்துக் கோடுகள், வயதான கண்ணுக்கு அது இல்லாமல் ஆகாது.

கதவு, சன்னல் வளைவுகளை முதலில் வரைந்துவிட்டு, வரிகளை வளைவின் ஓரத்தில் நிறுத்துங்கள். மூலைகளை 45 பாகையில் உப்புத்தாளில் தேய்த்துச் சேருங்கள்.

நிறத்துக்கு, பக்கத்து மதுரையிலேயே காளவாசல், அதாவது செங்கல் சூளை, என்று ஒரு பகுதியை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டுச் செங்கல் செம்மஞ்சள் சாயல் கொண்டது, வெளிநாட்டுப் படங்களில் காணும் அடர்சிவப்பு அன்று. செங்காவியில் சுவர் முழுக்க அக்ரிலிக் அடித்துக் காய்ந்ததும், பத்துக்கு ஒரு கல்லை வண்ணப் பென்சிலால் கருஞ்சிவப்பாகவோ வெளிர் மஞ்சளாகவோ மாற்றுங்கள். சூளையில் வெந்ததும் வேகாததும் கலந்து வருவதுதானே. பிறகு வால் புட்டிப் பொடியில் சிட்டிகை மண்பொடி கலந்து விரலால் தேய்த்து, ஈரத்துணியால் மேலாகத் துடைத்தால் கோடுகளில் மட்டும் சாந்து நிற்கும். வெள்ளையாக விடாதீர்கள். அதன்மேல் வார்னிஷ் அடித்தால் சாந்து கண்ணிலிருந்து மறைந்துவிடும். "கடைசியில் வார்னிஷ் அவசியம்" என்று டப்பாவோடு வருபவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

இவ்வளவுக்கும் ஒரே ஒரு விலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். உங்கள் அறை காரை பூசி வெள்ளையடித்ததாக இருந்தால், செங்கல் கீறுவதில் முக்கால் பங்கு வீண்வேலை. அப்படிப்பட்ட சுவரில் செங்கல் தெரிவது, அடியில் உப்புப் பூத்துக் காரை உதிர்ந்த இரண்டடி உயரத்திலும், மழைநீர் வழியும் மூலையிலும், கதவு நிலை அசைந்து பெயர்ந்த ஓரத்திலும்தான். அந்த இடங்களில் மட்டும் கீறி, வண்ணமும் சாந்தும் முடித்துவிட்டு, மீதிச் சுவருக்கு 80 ஜி.எஸ்.எம். வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். அந்தத் தாளின் கனம் 0.1 மி.மீ.; 87 மடங்கில் அது ஒரு விரற்கடைக்கும் குறைவான மெல்லிய பூச்சு. உதிர்ந்த ஓரத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால், காரை விளிம்பு தானாக வரும். பூச்சுக்கு மேல் செங்கல் வரியை வண்ணத்தால் வரைபவர்களும் இருக்கிறார்கள். அது பூச்சுமல்ல, செங்கலுமல்ல.

அளவுகளுக்கு வரைபடம் கேட்டு எந்த அலுவலகத்துக்கும் அலையாதீர்கள். இதேபோன்ற ஓர் அறைக்காக நான் ஒரு முறை அலைந்தேன். மேசை மேசையாக அனுப்பி, கடைசியில் கோப்பு கழிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். மீட்டர் கேஜ் வண்டி 2010 முடிவில் நின்று, அகலப் பாதை போடிக்குப் போய்ச் சேர 2023 ஆகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இடிப்பதற்கு முன் ஒரு டேப்பைப் பிடித்து அளந்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. உங்கள் படத்தில் கதவின் உயரத்துக்கு எத்தனை வரி என்று எண்ணுங்கள். எண்ணிய வரிதான் மி.மீ. கணக்கு. பூசிய சுவராக இருந்தால் உதிர்ந்த இடத்தில் தெரியும் நான்கைந்து வரியைக் கொண்டு அளவெடுங்கள்.

அந்த 1,800 ரூபாய்த் தாளைத் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். வாங்க மறுத்தால் சாம்பல் நிறம் அடித்துப் பிளாட்பார ஓரத்துக் கருங்கல் வரியாக ஒட்டிவிடுங்கள். அரை அடி உயரம், ஒன்றரை அடி நீளக் கல்லுக்கு அது மோசமில்லை.