அஜைல் குழுவின் முதிர்ச்சியை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

தினமும் 15 நிமிடக் கூட்டம், ஸ்பிரிண்ட் எனும் இரண்டு வார வேலைச் சுற்று, அதன் முடிவில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ என எதையும் தவறவிடாத உங்கள் குழு, மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக எழுதிக் கொடுத்துத் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையில் முதிர்ந்துவிட்டதா என்பதை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இவை ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போடும் படிவம் ஒன்றை நானும் நிரப்பியிருக்கிறேன். ஐந்தில் நான்காம் நிலை கிடைத்தது.

அப்போது காட்பாடியில் ஆறு பேராக, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றின் கிடங்குக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். பச்சைத் தோல் எண்ணிக்கையிலும் எடையிலும் உள்ளே வரும். பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில் வெளியே போகும். எங்கள் திரையோ எண்ணிக்கையை மட்டுமே கேட்டது. மூன்று ஸ்பிரிண்ட் கழிந்து, வேலைகளை எழுதிய அட்டைகள் எல்லாம் பலகையில் 'முடிந்தது' பக்கம் நகர்ந்த பிறகு நேரில் போனேன். கிடங்குக் கணக்கர் விசைப்பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டு, நீள நோட்டில் சதுர அடியை எழுதிக்கொண்டிருந்தார். "அதுல ஒரு தடவ, இதுல ஒரு தடவ எழுதறேன், தம்பி" என்றார்.

ஐந்து நிலை என்ற ஏணி, நிறுவனங்களின் செயல்முறையை மதிப்பிடும் சி.எம்.எம்.ஐ. வழியில் வந்தது, செயல்முறை சீராக நடக்கிறதா என்பதை அது பார்க்கும். 2001-இல் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கையின் 12 கோட்பாடுகளில் ஒன்றோ, இயங்கும் மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் என்கிறது. ஒரு ஸ்பிரிண்டில் எவ்வளவு வேலை முடிந்தது என்று காட்டும், பலரும் கொண்டாடும் வெலாசிட்டி, அஜைல் வழிகளில் ஒன்றான ஸ்க்ரமின் 2020-ஆம் ஆண்டுக் கையேட்டில் இடம்பெறவே இல்லை.

ஆகவே முதலில் கடைசி நான்கு ரெட்ரோ குறிப்புகளை அருகருகே வைத்துப் படியுங்கள். எங்களுடையதில் 'தேவை தெளிவாக இல்லை' என்ற வரி நான்கிலும் இருந்தது. அதை எழுதியவர்கள் நாங்களே, கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்காதவர்களும் நாங்களே. அடுத்து, பயன்படுத்துபவர் ஒரு குறையைச் சொன்ன நாளுக்கும் திருத்தம் அவர் கைக்குப் போன நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். இந்த எண்ணைச் சம்பள உயர்வோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். போட்டால் அடுத்த மாதமே எல்லாக் குழுக்களும் ஐந்தாம் நிலைக்கு ஏறிவிடும்.

அதன் பிறகு, ஸ்பிரிண்ட் முடிவில் செய்ததைக் காட்டும் ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் கணக்கரை அழைத்தோம். ஒரு வாரம் அவர் நோட்டைத் தொடாமல் இருந்தால்தான் அட்டை 'முடிந்தது' பக்கம் போகலாம் என்று விதியை மாற்றினோம். அந்தக் காலாண்டில் எங்கள் மதிப்பெண் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. சதுர அடி திரைக்கு வந்துவிட்டது. கழிவுத் தோல் கணக்கை மட்டும் அவர் இன்னமும் நோட்டில்தான் எழுதுகிறார்.