ஆஃபர் பாத்து வாங்கியும் மளிகை பில்லு ஏன் குறையல?

கேள்வி: மதுரைல இருக்கோம், வீட்ல நாலு பேர். மாசம் பொறந்ததும் சூப்பர் மார்க்கெட்ல ஆஃபர் பாத்து மொத்தமாதான் வாங்குறேன், அப்பவும் காய்கறியோட சேத்து 11,000 தாண்டுது. எங்க குறைக்கலாம்?

பதில்: இருபது வருஷத்துக்கு மேல மளிகைக் கடை நடத்துன அனுபவத்துல சொல்றேன்மா, அந்த ஆஃபர்லதான் உங்க காசு போகுது. கடைல விலைய பாக்குறோமே தவிர எடைய பாக்குறதில்ல. எண்ணெய் பாக்கெட்டையே எடுத்துக்கோங்க, ஒரு லிட்டர் சன்ஃபிளவர் ஆயில்னா சுமாரா 910 கிராம் இருக்கணும், ஆனா அதே சைஸ்ல 840, 870 கிராம்னு பாக்கெட் வருது, கைல எடுத்தா வித்தியாசமே தெரியாது. உதாரணத்துக்கு 840 கிராம் 145 ரூபா, 910 கிராம் 150 ரூபான்னு வச்சுக்கோங்க. அஞ்சு ரூபா மிச்சம்னு சின்னத எடுத்தீங்கன்னா கிலோவுக்கு 172 ரூபாய்க்கு மேல குடுக்குறீங்க, பெருசு 165தான். இந்தக் கணக்க நீங்க போடக்கூட வேண்டாம், எம்ஆர்பிக்கு பக்கத்துல கிராமுக்கு இவ்வளவுன்னு பொடி எழுத்துல போட்டிருப்பான், அத மட்டும் ரெண்டு பாக்கெட்லயும் பாத்துட்டு எடுங்க. பெரிய பாக்கெட்னாலே மலிவுன்னும் நெனைக்காதீங்க, ஷாம்பூல பல நேரம் பாட்டில விட சாஷேதான் லாபம்.

அடுத்தது ரேஷன். அரிசி அட்டை வச்சிருந்தும் நிறைய பேர் க்யூல நிக்கணுமேன்னு விட்டுடுறாங்க, எனக்கு அது மனசுக்கே ஆகாது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா, வெளிய பருப்பு மட்டும் நூறு ரூபாய்க்கு மேல விக்குது. வேகலன்னு சொல்றவங்க அரை மணி நேரம் ஊறப் போட்டு குக்கர்ல வைங்க, சாம்பாருக்கு நல்லாவே இருக்கும்.

காய்கறிக்கு உங்க ஊர விடவா, 1999ல உழவர் சந்தை ஆரம்பிச்சதே மதுரை அண்ணா நகர்லதான. காலைல போனீங்கன்னா அன்னைக்கு விலை போர்டுல எழுதியிருக்கும், மொதல்ல அத பாத்துட்டு உள்ள போங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ போதும்.

அப்புறம் பத்து நிமிஷத்துல வீட்டுக்கு வர்ற ஆப். ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கு ஆர்டர் போடப் போயி டெலிவரி சார்ஜ் வரக்கூடாதுன்னு பிஸ்கட், சிப்ஸ்னு சேத்து 200 ரூபா ஆக்கிடுறோம், மாசத்துக்கு இப்படி பத்து தடவ ஆனா 2,000 போச்சு. ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டி தீர்ந்தத அப்பப்ப எழுதுங்க, சனிக்கிழமை ஒரே நடையா வாங்கிக்கலாம்.

வருஷத்துக்கு மொத்தமா வாங்கணும்னா புளி, மிளகா வத்தல், மல்லி இந்த மூணும் போதும், புதுசு வர்ற மாசி பங்குனில வாங்குங்க. ரவை, மைதா, கடலை மாவெல்லாம் மொத்தமா வாங்குனா வண்டு விழுந்து குப்பைக்குதான் போகும். புளிய கொட்டை, நார் எடுத்து ரெண்டு நாள் நல்ல வெயில்ல காய வச்சு, ஜாடில ஒரு அடுக்கு புளி அதுமேல ஒரு கை கல்லுப்புன்னு மாத்தி மாத்தி அமுக்கி வைங்க. எடுக்கும்போது ஈரக் கை மட்டும் படக்கூடாது, அடுத்த பங்குனி வரைக்கும் அப்படியே இருக்கும்.