இல்லினாய் 13: ஒபாமாவுக்கு முன்னும் பின்னும் (கேள்வி பதில்)

சிகாகோவின் தென்பகுதியில் இருக்கிறது இல்லினாய் மாநில செனட்டின் 13ஆவது தொகுதி. 1997 முதல் 2004 வரை ஒபாமா இங்கேதான் உறுப்பினர். கேள்விகள் குவிந்துவிட்டன, முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை: தொகுதி எண்ணை நம்பாதீர்கள். எண் அப்படியே இருக்கும், எல்லை நகர்ந்துவிடும். எந்த ஆண்டு வரைபடம் என்று முதலில் பாருங்கள்.

கோவைக்காரன்: மாநில செனட் என்பது நம் ஊரில் இருந்த மேலவை மாதிரியா?

பெயருக்கு மட்டும். நம் மேலவைக்கு எம்.எல்.ஏ.க்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள், பட்டதாரிகள், ஆசிரியர்கள் என்று தனித்தனியாக ஓட்டுப் போட்டார்கள். அதையும் 1986இல் மூடியாயிற்று. இல்லினாய் செனட்டரைத் தொகுதி மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மொத்தம் 59 தொகுதிகள். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தால் கீழவையின் 118 தொகுதிகள் வந்துவிடும். செனட் 13க்குள் அடங்குபவை கீழவையின் 25, 26. 2020 கணக்கெடுப்புப்படி ஒரு செனட் தொகுதிக்குச் சராசரியாக 2,17,000 பேர்.

நெய்தல்: ராஜா கிருஷ்ணமூர்த்தியின் 8ஆவது தொகுதி இதற்குப் பக்கத்திலா?

அவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு 2016இல் தேர்வானவர். அந்த 8 நாடாளுமன்றத் தொகுதியின் எண். இல்லினாய் மாநில செனட்டிலும் ஒரு 8 உண்டு. 2018இல் அங்கே ஜெயித்தவர் ராம் வில்லிவலம். மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் இந்திய வம்சாவளியினர் அவர். எண் ஒன்று, வரைபடம் வேறு, அவை வேறு. இதற்குத்தான் மேலே எச்சரித்தேன்.

பழையபேப்பர்: ஒபாமாவுக்கு முன்னால் யார், பின்னால் யார்? விவரமாகச் சொல்லுங்கள்.

இதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

1967இல் ரிச்சர்ட் நியூஹவுஸ் செனட்டுக்கு வந்தார். 1975 சிகாகோ மேயர் தேர்தலில், ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தலில் (கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் வாக்குப்பதிவு), அப்போதைய மேயர் ரிச்சர்ட் ஜே. டேலியை எதிர்த்து நின்ற கருப்பினத்தவர். அவர் 1991இல் ஓய்வு பெற்றபோது ஆலிஸ் பாமரை அந்த இடத்தில் நியமித்தார்கள்.

1995இல் பாமர் நாடாளுமன்றத்துக்குப் போகப் பார்த்தார். அங்கே உறுப்பினராக இருந்த மெல் ரெனால்ட்ஸ் தண்டனை பெற்றதால் 2ஆவது நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்திருந்தது. பாமர் காலி செய்யும் மாநில செனட் இடத்துக்கு அவர் ஆசியோடு ஒபாமா செப்டம்பரில் களமிறங்கினார். நவம்பர் கடைசியில் நடந்த உள்தேர்தலில் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் ஜெயிக்க, பாமர் மூன்றாவதாக வந்தார். பழைய இடமே போதும் என்று திரும்பி வந்தார். ஒபாமா ஒதுங்க மறுத்தார். அப்புறம் நடந்ததைக் கீழே கேட்டிருக்கிறார்கள், அங்கே வைத்துக்கொள்வோம்.

ஒபாமா 2004 நவம்பரில் அமெரிக்க செனட்டுக்குத் தேர்வானார். ஹெய்ட்டியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் குவாமி ராவுல் இங்கே நியமிக்கப்பட்டார். அவர் 2019 ஜனவரியில் மாநில அட்டர்னி ஜெனரல் ஆனார். ராபர்ட் பீட்டர்ஸ் நியமிக்கப்பட்டார்.

இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாமர் நியமனம், ராவுல் நியமனம், பீட்டர்ஸ் நியமனம். மூவரும் முதலில் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், மக்களிடம் பிறகுதான் போனார்கள். நடுவில் ஒபாமா ஒருவர்தான் தேர்தல் வழியாக உள்ளே வந்தார். அந்த உள்தேர்தலிலும் வாக்குச்சீட்டில் ஒரே பெயர். ஜனநாயகக் கட்சி அசைக்க முடியாத தொகுதி என்பதால் உள்தேர்தல்தான் இங்கே நிஜத் தேர்தல். எனவே நியூஹவுஸ் போனதிலிருந்து பீட்டர்ஸ் வந்தது வரை, இந்தத் தொகுதிக்காரர்கள் இரண்டு புதுமுகங்களில் யார் என்று ஓட்டுப் போட்டுத் தீர்மானித்ததே இல்லை.

கோவைக்காரன்: அந்த ஒரே பெயர் எப்படி வந்தது? போட்டியாளர்களைக் கழித்துக்கட்டினார் என்கிறார்களே?

ஆமாம், கழித்தார். அப்போது வேட்புமனுவோடு தொகுதி வாக்காளர்களின் 757 கையெழுத்து வேண்டியிருந்தது. பாமர் தரப்பு அவசரமாக ஓடி 1,580 வரை சேர்த்தது. ஒபாமாவின் ஆட்கள் தேர்தல் வாரியத்தில் உட்கார்ந்து, தாள் தாளாக, பெயர் பெயராக வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். தொகுதிக்கு வெளியே இருப்பவர், பட்டியலில் வேறு முகவரி உள்ளவர், கையெழுத்துக்குப் பதில் பெயரை அச்செழுத்தில் எழுதியவர் என்று அடித்துக்கொண்டே போனதில் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. பாமர் விலகினார். மற்ற மூன்று பேரின் மனுக்களும் இதே வழியில் போயின.

நெய்தல்: இது அயோக்கியத்தனம் இல்லையா? மக்களிடம் விட்டிருக்கலாமே.

சட்டம் கொடுத்த வழி. சிகாகோவில் இதற்கென்றே வக்கீல்கள் இருக்கிறார்கள்.

தராசு: சட்டம் கொடுத்தால் சரியாகிவிடுமா? நம் ஊரில் வேட்புமனு தள்ளுபடியானால் எவ்வளவு பேசுகிறோம்!

நல்ல ஒப்பீடு, ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊரில் மனுவைப் பரிசீலிப்பது தேர்தல் அதிகாரியின் வேலை, யாரும் ஆட்சேபிக்காவிட்டாலும் அவர் பார்த்தாக வேண்டும். முன்மொழிபவர்களும் சுயேச்சைக்கு 10 பேர், அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு ஒருவர், அவ்வளவுதான். இல்லினாயில் எதிராளி ஆட்சேபம் போட்டால்தான் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோண்டுவார்கள். யாரும் போடாவிட்டால் ஓட்டைக் கையெழுத்தும் ஓடிவிடும். அதாவது ஆள்பலமும் வக்கீல்பலமும் உள்ளவனுக்கே விதி வேலை செய்கிறது. ஒபாமாமேல் எனக்குக் கோபமில்லை, விதியின்மேல் உண்டு.

தராசு: வாக்காளர் பதிவு இயக்கம் நடத்திய மனிதர், அதே வாக்காளர்களின் கையெழுத்தை அடித்தார். இதற்கு என்ன சொல்வீர்கள்?

1992இல் அந்த இயக்கத்தை நடத்தியவர்தான். முரண் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதையும் பாருங்கள்: போகிறேன் என்று சொல்லி ஒருவரை நிறுத்திவிட்டு, தோற்றதும் திரும்பி வந்து இடத்தைக் கொடு என்பதும் அழகில்லை.

பழையபேப்பர்: தராசு சொல்வதே சரி. பாமரும் ஓட்டுப் பெட்டியில் தோற்றிருக்கட்டுமே!

தோற்றிருப்பாரா என்பதுதான் ஒபாமா தரப்பின் பயமே. சரி, இந்தப் பஞ்சாயத்து போதும். வரைபடத்துக்கு வருவோம், உண்மையான வேட்டை அங்கேதான்.

அரைகுறை: தொப்பிக்குள் சீட்டுப் போட்டுத் தொகுதி பிரித்தார்களாமே, கட்டுக்கதையா?

நிஜம். 1970 அரசியல் சட்டப்படி, புது எல்லையில் சட்டமன்றம் உடன்படாவிட்டால் இரு கட்சியும் சமமாக உள்ள குழுவிடம் போகும். அதுவும் முட்டிக்கொண்டால் கட்சிக்கு ஒரு பெயர் எழுதிக் குலுக்கல். வந்தவர் குழுவில் சேர்ந்ததும் அந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை. கட்சிகள் பயந்து சமரசம் பேசும் என்று எழுதினார்கள். இருவருமே சூதாடத் தயாராக இருந்தார்கள்! 1981இல் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது, 1991இல் குடியரசுக் கட்சி. 2001இல் லிங்கன் பாணி உயரத் தொப்பிக்குள் அப்போதைய மாநிலச் செயலர் ஜெஸ்ஸி வைட் கைவிட்டு எடுத்த பெயர் மைக்கேல் பிலாண்டிக், ஜனநாயகக் கட்சிக்காரர். 2002 தேர்தலில் செனட் கைமாறி எமில் ஜோன்ஸ் தலைவரானார். சிறுபான்மையில் உட்கார்ந்திருந்த ஒபாமாவின் மசோதாக்கள் அதற்குப் பிறகுதான் வேகமாக ஓடின. கொலை வழக்குகளில் போலீஸ் விசாரணையை ஒலி அல்லது ஒளிப்பதிவு செய்யச் சொல்லும் சட்டம் 2003இல் வந்தது.

அவர் தொகுதியும் மாறியது. 1990களின் 13, ஹைட் பார்க்கிலிருந்து தெற்கே சவுத் ஷோர் வரையும் மேற்கே சிகாகோ லான் வரையும் போனது. புது 13 ஏரிக்கரையோடு வடக்கே ஏறி, பணக்கார கோல்ட் கோஸ்டைத் தொட்டது. 2000இல் நாடாளுமன்ற உள்தேர்தலில் அப்போதைய உறுப்பினர் பாபி ரஷ்ஷிடம் 30 சதவீத ஓட்டோடு தோற்றவருக்கு, அடுத்த தேர்தலுக்கு நன்கொடை தரக்கூடிய அண்டை வீட்டார் கிடைத்தார்கள். எல்லைக்கோடு வரைந்தபோது அவரும் பக்கத்தில் இருந்தார். இப்போது சொல்லுங்கள், 1998இன் 13உம் 2003இன் 13உம் ஒரே தொகுதியா?

பனங்காய்: 1996, 1998, 2002. ஏன் இந்த ஒழுங்கில்லாத இடைவெளி?

பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லை மாறும்போது எல்லா இடத்துக்கும் தேர்தல் வேண்டும். அதனால் பத்தாண்டுக்குள் வரும் பதவிக்காலங்கள் 4-4-2, 4-2-4, 2-4-4 ஆண்டுகள் என்று மூன்று வகை. 1992க்குப் பிறகு 13க்கு விழுந்தது 4-2-4.

கொட்டாவி: ‘பிரசன்ட்’ ஓட்டுப் போட்டு நழுவினார் என்பது?

‘ஆம்’, ‘இல்லை’ இரண்டும் சொல்லாமல் ‘இருக்கிறேன்’ என்று மட்டும் பதிவதுதான் ‘பிரசன்ட்’. 129 முறை, மொத்தம் சுமார் 4,000 ஓட்டில். மசோதா நிறைவேற 59இல் 30 ‘ஆம்’ வேண்டும். ஆக ‘பிரசன்ட்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் விளைவு ஒன்றுதான்.

வெளியூரான்: வாஷிங்டனில் ஒபாமா 13ஆவது தொகுதிக்கு எப்படிப் பேசினார்?

பேசவில்லை. அமெரிக்க செனட்டருக்குத் தொகுதி கிடையாது, முழு மாநிலம்தான்.

அரைகுறை: 13ஆவது நாடாளுமன்றத் தொகுதியும் இதுதானே?

இல்லை! முதல் பத்தி.

பழையபேப்பர்: நியமனம் செய்வது யார்? ஆளுநரா?

இல்லை. விலகியவரின் கட்சியே, 30 நாளுக்குள், அதே கட்சிக்காரரை நியமிக்கும். சிகாகோவில் என்றால் வார்டு கமிட்டிப் பொறுப்பாளர்கள் கூடி, தங்கள் பகுதியில் விழுந்த ஓட்டுக்கேற்ற எடையோடு முடிவு செய்வார்கள். பதவிக்காலத்தில் 28 மாதத்துக்கு மேல் மிச்சமிருந்தால் அடுத்த பொதுத்தேர்தலில் மக்களைக் கேட்க வேண்டும். 2004 நவம்பரில் ஒபாமா விலகியபோது மிச்சம் 26 மாதம். ராவுல் வாக்காளர் முன் நிற்க 2006 ஆயிற்று.