பான்சர்கிரெனடியர் என்றால் கவசக் காலாட்படையா?

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் படை பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "பான்சர்கிரெனடியர் என்று வரும் இடத்தில் எல்லாம் கவசக் காலாட்படை என்று எழுதிவிட்டேன், சரியா? அதே 29-ஆவது டிவிஷன் ஒரு பக்கத்தில் மோட்டார் காலாட்படை, நாலு பக்கம் தள்ளி பான்சர்கிரெனடியர். எதை வைத்துக்கொள்வது?"

முதலில் அந்தக் 'கவச'த்தை எடுத்துவிடுங்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பான்சர் என்பது கவசம்தான். ஆனால் அந்தப் பெயர் தாங்கிய வீரர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரண லாரியில் போய் இறங்கி, நடந்து போய்ச் சண்டை போட்டவர்கள். முன்னால் சக்கரமும் பின்னால் டாங்கிக்கு இருப்பது போன்ற சங்கிலிப் பட்டையும் கொண்ட கவச வண்டி, எஸ்டிகேஎஃப்இசட் 251, போர் முழுவதும் சுமார் 15,000 தான் தயாரானது. பான்சர் டிவிஷன் என்றால் டாங்கிகளை மையமாகக் கொண்ட பெரிய படைப்பிரிவு, டிவிஷன் ரெஜிமெண்ட்களாகவும் ரெஜிமெண்ட் பட்டாலியன்களாகவும் பிரியும். அப்படி ஒரு பான்சர் டிவிஷனில் இருந்த நான்கு காலாட்படை பட்டாலியன்களில் வழக்கமாக ஒன்றுக்குத்தான் அது கிடைத்தது. எல்லா பட்டாலியனுக்கும் கிடைத்த 'பான்சர் லேர்' டிவிஷன் அபூர்வமான விதிவிலக்கு. லாரி கிடைத்ததே பெரிய விஷயம், ஏனென்றால் 1941 ஜூனில் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்த ஜெர்மன் படை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கூடவே கொண்டுபோனது.

அப்படியானால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? பான்சர் டிவிஷன்களின் காலாட்படைக்கு முதலில் 'ஷூட்சன்' என்று பெயர், துப்பாக்கி வீரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 1942 ஜூலையில் அந்த ரெஜிமெண்ட்களுக்கு, பழைய பிரஷ்யப் படையில் கிரெனடியர் எனப்பட்ட சிறப்புக் காலாட்படையின் பெருமையை நினைவூட்டும்படி பான்சர்கிரெனடியர் என்று பெயர் மாற்றினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் மோட்டார் காலாட்படை டிவிஷன்களுக்கும் அதே பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஆக ஒரே சொல், டாங்கிப் படைக்குள் இருக்கும் ரெஜிமெண்டையும் குறிக்கும், தனி டிவிஷனையும் குறிக்கும். குழப்பம் உங்களுடையது இல்லை.

உங்கள் 29-ஆவது டிவிஷனையே எடுத்துக்கொள்வோம். 1942 நவம்பர் 20 அன்று ஸ்டாலின்கிராடுக்குத் தெற்கே முன்னேறிவந்த சோவியத் படை மீது அது டாங்கிகளோடு எதிர்த்தாக்குதல் நடத்தியது, ஆனால் அப்போதும் அதன் பெயர் வெறும் மோட்டார் காலாட்படை டிவிஷன்தான். அந்த ஆண்டுதான் அதற்கு ஒரு டாங்கி பட்டாலியன் சேர்ந்திருந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. 1943 தொடக்கத்தில் அந்த டிவிஷன் ஸ்டாலின்கிராடில் அழிந்தது, பிறகு பிரான்சில் வேறு ஆட்களைக் கொண்டு அதே எண்ணில் புதிதாக எழுப்பினார்கள். இத்தாலியில், சிசிலியிலும் சலெர்னோவிலும் சண்டையிட்டது இந்த இரண்டாவது 29. அதனால் கட்டுரையில் இருக்கிறபடியே இரண்டு பெயரையும் விடுங்கள், 'ஸ்டாலின்கிராடுக்குப் பின் புதிதாக அமைந்தது' என்று ஒரு வரி மட்டும் சேருங்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. குரோஸ்டாய்ச்லாண்ட் என்ற டிவிஷனிடம் டைகர், பாந்தர் என்ற பலமான டாங்கிகள் இரண்டுமே இருந்தன, பல பான்சர் டிவிஷன்களை விடப் பலமானது, ஆனால் கடைசிவரை அது பான்சர்கிரெனடியர் டிவிஷன்தான். சாதாரண பான்சர்கிரெனடியர் டிவிஷனுக்கோ, சுழலும் கோபுரம் இல்லாத தாக்குதல் பீரங்கி வண்டிகள் கொண்ட ஒரே ஒரு பட்டாலியன் இருந்தால் உண்டு. அதனால் எந்தப் பெயரைப் பார்த்தாலும் பக்கத்தில் தேதியைத் தேடுங்கள், அப்புறம் அந்தத் தேதியில் அவர்களிடம் என்ன வண்டி இருந்தது என்று பாருங்கள்.

என் யோசனை: 'பான்சர்கிரெனடியர்' என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு, முதல் முறை வரும்போது 'டாங்கிகளோடு சேர்ந்து இயங்கும் மோட்டார் காலாட்படை' என்று விளக்கம் கொடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். மூலத்தில் 'எஸ்எஸ்' (நாஜிக் கட்சியின் சொந்த ஆயுதப் படை) என்ற இரண்டு எழுத்து பெயருக்கு முன்னால் இருந்தால், இடம் மிச்சம் பிடிக்க அதை வெட்டாதீர்கள். 1944 ஜூன் 10 அன்று பிரான்சில் ஒராதூர்-சூர்-கிளான் ஊருக்குள் புகுந்து குழந்தைகள் உட்பட 640-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது ஒரு பான்சர்கிரெனடியர் பட்டாலியனின் ஆட்கள், 'டாஸ் ரைஷ்' எஸ்எஸ் டிவிஷனைச் சேர்ந்தவர்கள். 'ஜெர்மன் வீரர்கள்' என்று பொதுவாக எழுதினால், அதைச் செய்த படை எது என்பது உங்கள் வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.