சாமான் நாக்பூரில், குடும்பம் குருகிராமில்: கேட்கும் பணத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு அவருடைய நிறுவனத்திலேயே கோயம்புத்தூரிலிருந்து குருகிராமுக்கு இடமாற்றம். மே 28 அன்று வீட்டுச் சாமான் முழுவதையும் ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் மூலம் ஏற்றிவிட்டோம். பேசிய தொகை 78,000 ரூபாய். 60,000 கொடுத்தாயிற்று, மீதி 18,000 டெலிவரியின்போது. எட்டு நாளில் வந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்றோடு 17 நாள். வண்டி நாக்பூரில் நிற்கிறதாம். வேறு லாரிக்கு மாற்ற வேண்டுமாம். பார்டர் டாக்ஸ், ஹால்டிங் சார்ஜ் என்று 14,000 ரூபாய் அனுப்பினால்தான் நகரும் என்கிறார்கள். இரண்டு குழந்தைகளோடு தரையில் படுத்துக்கொண்டு, மூன்று வேளையும் வெளியில் வாங்கிச் சாப்பிடுகிறோம். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் எல்லாவற்றையும் 50,000 ரூபாய்க்குள் புதிதாகவே வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். கிரெடிட் கார்டில் வாங்குவதா, 2 லட்சம் ரூபாய் எஃப்டியை உடைப்பதா? 14,000 கொடுக்கலாமா? நஷ்டஈடு கிடைக்குமா? – ஒரு வாசகி, குருகிராம்

பதில்: அந்த 14,000 ரூபாயை இப்போது அனுப்ப வேண்டாம். மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம், ஆனால் இன்று மாலைக்குள் ஜிபே பண்ணிவிடப் போகிறீர்களோ என்ற பயத்தில் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த ‘பார்டர் டாக்ஸ்’. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு மாநில நுழைவு வரி போய்விட்டது. தேசிய பெர்மிட் உள்ள லாரிக்குப் பெர்மிட் கட்டணத்தை வண்டிக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை கட்டிவிடுகிறார். அதில் உங்கள் பீரோவுக்குத் தனிப் பங்கு கிடையாது. சிலர் இ-வே பில் இல்லை, அபராதம் போட்டுவிட்டார்கள் என்பார்கள். பயன்படுத்திய சொந்த வீட்டுப் பொருள்களுக்கு இ-வே பில்லே தேவையில்லை, ஜிஎஸ்டி விதிகளிலேயே விலக்கு இருக்கிறது. உண்மையிலேயே யாராவது வரியோ அபராதமோ வசூலித்திருந்தால் ரசீது இருக்கும். அதைக் கேளுங்கள். ஹால்டிங் சார்ஜ் என்பது, நீங்கள் சாமானை இறக்காமல் வண்டியைக் காக்கவைத்தால் வருவது. அவர்கள் வண்டியை அவர்களே நிறுத்தி வைத்ததற்கு நீங்கள் எதற்கு வாடகை கொடுக்க வேண்டும்?

நடந்தது என்னவென்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. கோவையிலிருந்து குருகிராம் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். முழு லாரி நேராகப் போனால் ஐந்தாறு நாள் வேலை. உங்களுக்குச் சொன்ன விலைக்குப் பெரும்பாலும் பார்ட் லோடில்தான் ஏற்றியிருப்பார்கள். உங்கள் சாமானோடு இன்னும் இரண்டு மூன்று வீட்டுச் சாமானும் ஏறும். நாக்பூர் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாலாபக்கமும் சாலை பிரியும் ஊர். அங்கே கோடவுனில் இறக்கி வைத்து, டெல்லிப் பக்கம் போகிற வண்டி நிரம்பும்வரை காத்திருப்பார்கள். நிரம்பாத வண்டியின் நஷ்டத்தில் கொஞ்சத்தை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்பது என் கணிப்பு. மோசடியாகவும் இருக்கலாம். பிரித்தறிய வழி இருக்கிறது: எல்.ஆர். (லாரி ரசீது) நம்பர், லாரி நம்பர், டிரைவர் போன் நம்பர், கோடவுன் விலாசம், உங்கள் பெட்டிகளின் இன்றைய போட்டோ. ஐந்தும் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரு நாளில் பதில் வந்தால் தாமதம், வராவிட்டால் காவல் நிலையம். ஒருவேளை ஏற்கெனவே இணையவழியில் பணம் அனுப்பி ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் அந்த நிமிடமே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். அந்தப் புகாரில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இனி பணக் கணக்கு. நான்கு பேர் வெளிச்சாப்பாடு, துணி வெளுக்கக் கொடுப்பது, தண்ணீர் கேன் என்று வீட்டில் இருந்தால் ஆகாத செலவு நாளுக்கு 1,100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். சொன்ன தேதிக்குப் பிறகு ஒன்பது நாள், 9,900 ரூபாய். எரிச்சலான தொகைதான். ஆனால் நீங்கள் இன்னும் கொடுக்காத மீதி 18,000. அதாவது தாமதம் இதுவரை உங்களிடமிருந்து தின்றது, உங்கள் கையில் இருக்கும் தொகையைவிடக் குறைவு. இதை 50,000 ரூபாய்ச் செலவாக மாற்றுவது தாமதம் அல்ல, புதிதாக வாங்கக் கடைக்குப் போகும் முடிவு.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. மதுரையிலிருந்து புனேக்கு மாறியபோது மிக்ஸி வரவில்லை என்று பன்னிரண்டாவது நாள் புது மிக்ஸி வாங்கினோம். பதினான்காவது நாள் பழையது வந்தது. புதியது அட்டைப் பெட்டியோடு இன்னும் பரணில் இருக்கிறது. சட்னிக்கு இரண்டு நாள் பொறுக்க முடியாத குடும்பம்.

கட்டில், வாஷிங் மெஷின் வாங்க வேண்டாம். அவை உங்களுடையவை, வந்துகொண்டிருக்கின்றன. நான்கு பேருக்கு மெத்தை, ஒரு சிங்கிள் பர்னர் இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குக்கர், இவ்வளவு போதும். பின்னாலும் உதவும். சமையல் தொடங்கிவிட்டால் அந்த 1,100 பாதியாகும். ஜூன் மாத வெயிலில் அங்கே குழந்தைகளோடு ஃப்ரிட்ஜ், கூலர் இல்லாமல் முடியாது என்பது உண்மை, அதில் சிக்கனம் பார்க்கச் சொல்ல மாட்டேன். ஆனால் டெல்லி வட்டாரத்தில் கூலர், ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். குறைந்தபட்சம் எத்தனை மாதம் எடுக்க வேண்டும், டெபாசிட் எவ்வளவு என்று கேட்டுவிட்டு எடுங்கள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுப் பாருங்கள், யாராவது சும்மாவே கொடுப்பார்கள்.

அதற்கும் கையில் ரொக்கம் இல்லை என்றால் எஃப்டியை உடைக்காதீர்கள், அதன் மேல் கடன் வாங்குங்கள். பெரும்பாலான வங்கிகள் எஃப்டி வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதம் கூடுதலாக வாங்குகின்றன. உங்கள் எஃப்டி 7 சதவீதம், கடன் 8 சதவீதம் என்று வையுங்கள்: முழு 50,000 எடுத்தாலும் இரண்டு மாதத்துக்கு வட்டி 670 ரூபாய்க்குள். அதே 50,000 கார்டில் கட்டாமல் நின்றால், மாதம் 3.5 சதவீதம் என்று வையுங்கள், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இரண்டு மாதத்தில் 4,100 தாண்டும். ‘மினிமம் டியூ கட்டினால் போதும்’ என்ற வரியைக் கணவர் கண்ணில் படாமல் மறைத்து வையுங்கள்.

நஷ்டஈடு கேட்க முடியும், ஆனால் ஆவணம் பேச வேண்டும். 2007-ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, எத்தனை நாள் தாமதம் வரை பொறுப்பது என்று சரக்குச் சீட்டில் ஒப்புக்கொண்டிருந்தால், அந்தக் காலத்துக்குள் வரும் இழப்புக்கு அவர்கள் பொறுப்பு கூலித் தொகை வரைதான். அதைத் தாண்டினால் பொறுப்பு கூடும். சாமான் தொலைந்தாலோ உடைந்தாலோ வழக்குப் போடுவதற்கு முன் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள். மே 28-லிருந்து எண்ணினால் நவம்பர் 24-க்குள். இப்போதே ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் போட்டுவிடலாம். எட்டு நாள் என்று எழுதிக்கொடுத்ததைக் குறிப்பிட்டு, தினச் செலவைக் கணக்காகக் காட்டி, மீதித் தொகையில் கழிக்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் குருகிராமிலேயே மனு போடலாம், கோவைக்கு ஓட வேண்டாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

‘டிரான்ஸிட் இன்சூரன்ஸ்’ கட்டினோமே என்பீர்கள். அது சேதத்துக்கும் தொலைந்ததற்கும்தான், தாமதத்துக்கு இல்லை. அதுவும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் சான்றிதழ் வந்ததா என்று பாருங்கள். மூவர்ஸ் பில்லில் ஒரு வரியாக மட்டும் இருந்தால் அது இன்சூரன்ஸே அல்ல.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் ‘டெலிவரியே வேண்டாம்’ என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் நோட்டீஸ் கொடுத்து, 30 நாளில் நீங்கள் எடுக்காவிட்டால், இன்னொரு நோட்டீஸுக்குப் பிறகு சாமானை விற்கவே சட்டத்தில் இடம் இருக்கிறது. அதேபோல் வண்டி வாசலில் வந்து நிற்கும்போது மீதி 18,000-ஐ முழுதாகத் தரமாட்டேன் என்று வாதாடினால் இறக்காமல் திருப்பிக்கொண்டு போவார்கள், பிறகு நிஜமாகவே ஹால்டிங் சார்ஜ் வரும். கழித்துக்கொள்ளும் பேச்சை வண்டி வரும் முன்பே எழுத்தில் முடிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று ரசீதில் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஆணையத்தில் கேளுங்கள்.

நீங்கள் கேட்காதது ஒன்று. இது வேலை மாற்றம் இல்லை, அதே நிறுவனத்தில் இடமாற்றம். சாமான் கட்டி அனுப்ப நிறுவனம் தரும் படிக்கு வரிவிலக்கு உண்டு, புதிய வரி முறையில் இருந்தாலும். படி ஏதாவது வந்ததா, 17 நாள் செலவுக்கு எதையாவது தருவார்களா என்று மனிதவளத் துறையிடம் கணவர் கேட்டாரா? பெரும்பாலான ஆண்கள் கேட்பதில்லை. கேட்கச் சொல்லுங்கள், மூவர்ஸ் பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

வண்டி வரும் நாளில் பெட்டி எண்ணிக்கையை, சாமான் ஏற்றியபோது எழுதிய பட்டியலோடு சரிபார்த்து, நசுங்கியது, கிழிந்தது, ஈரமானது எல்லாவற்றையும் டெலிவரி சீட்டிலேயே எழுதுங்கள், போட்டோவும் எடுங்கள். லோடுமேன்கள் வெயிலில் அவசரப்படுத்துவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அந்தத் தாமதத்தில் அவர்களுக்குப் பங்கும் இல்லை. எல்லோருக்கும் மோர் கொடுங்கள், எண்ணி முடிக்கும்வரை கையெழுத்து மட்டும் வேண்டாம்.