கதையின் முடிச்சில் பாடம்: ஆசிரியர், பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் கணக்கைக் கதையாகச் சொல்கிறேன். பிள்ளைகள் ஆர்வத்துடன் கேட்கிறார்கள். மறுநாள் கதை நினைவில் இருக்கிறது, கணக்கு இல்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: கதையும் கணக்கும் தனித்தனியே நின்றால், பிள்ளை கதையை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிடும், அது பிள்ளையின் பிழையன்று. கணக்கைப் போடாமல் கதை நகராது என்ற நிலை வர வேண்டும். கேரளத்து அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயில் பால்பாயசத்தைப் பற்றி வழங்கும் கதையைப் பாருங்கள். சதுரங்கத்தில் ஒரு முதியவரிடம் தோற்ற அரசன், முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக் கொடுக்க அவரிடம் ஒப்புக்கொள்கிறான். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தரையில் சாக்பீஸால் 64 கட்டங்கள் வரைந்து, ஒரு டம்ளர் அரிசியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். எட்டாம் கட்டத்தில் 128 மணிகள்தாம் என்பதால் முதலில் அரசனுக்காகச் சிரிப்பார்கள். இரண்டாம் வரிசையில் எண்ணி எண்ணிக் கை ஓய்ந்து, தாமாகவே கரும்பலகைக்கு வந்து பெருக்கத் தொடங்குவார்கள். 16ஆம் கட்டத்தில் 32,768. 21ஆம் கட்டத்தில் 10,48,576. மொத்தக் கூட்டுத்தொகை 20 இலக்க எண் என்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். கடன் தீர நாள்தோறும் பாயசம் வழங்கும்படி ஆயிற்று என்ற முடிவு, அரசனால் கொடுக்க இயலாது என்று அவர்களே கண்டுபிடித்த பிறகு வரட்டும்.

கேள்வி: என் நான்கு வயது மகள் தினமும் பாட்டி வடை சுட்ட கதையையே கேட்கிறாள். புதிய கதைகளுக்கு மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, அம்மா. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் சொற்கள் பிள்ளையின் வாயில் படிகின்றன. ஒரு நாள் வேண்டுமென்றே "காகம் தோசையைத் தூக்கிக்கொண்டு பறந்தது" என்று சொல்லிப் பாருங்கள்; அவள் உங்களைத் திருத்தும் வேகத்திலேயே எவ்வளவு கற்றிருக்கிறாள் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: கதை முடிவில் நீதியைச் சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீதி என்றவுடன் பிள்ளைகள் எழுந்து போகத் தயாராகிவிடுகிறார்கள்.

கேள்வி: எனக்குக் குரல் மாற்றி நடிக்க வராது. பொம்மைகள் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: 1930களில் ஜப்பானியத் தெருக்களில் மிதிவண்டியில் வந்து, மிட்டாய் விற்று, மரச்சட்டத்தில் பட அட்டைகளைச் செருகிக் கதை சொன்னவர்கள் இருந்தார்கள், கமிஷிபாய் என்பது அக்கலையின் பெயர். அட்டையைப் பாதிவரை மட்டும் உருவி நிறுத்துவதே அவர்களின் சாமர்த்தியம். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் நீங்களும் வரையலாம்; படம் கோணலாக இருந்தால் பிள்ளைகள் இன்னும் உரிமையோடு பேசுவார்கள்.

கேள்வி: ராகு நிலவை விழுங்கும் கதையைச் சொன்னால் அறிவியல் குழம்பிவிடாதா?

பதில்: கதையோடு விட்டுவிட்டால் குழம்பும். ஆனால், கிரகணத்தின்போது நிலவு மறைவதற்குப் பூமியின் நிழலே காரணம் என்று ஆரியபட்டர் கி.பி. 499இலேயே எழுதிவிட்டார் என்பதும் ஒரு கதைதானே? இரண்டு கதைகளையும் சொல்லி, "இவற்றில் எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேளுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைச் சூரியனாக வைத்து, ஒரு பிள்ளையிடம் பெரிய பந்தையும் இன்னொரு பிள்ளையிடம் எலுமிச்சம்பழத்தையும் கொடுத்துவிட்டு, நீங்கள் ஓரமாக நின்றுகொள்ளுங்கள்.