குரக்கன் கூழ் குடித்தும் சீனி இறங்கவில்லையே?

கேள்வி: அப்பு காலத்துச் சாப்பாடென்று ஒரு மாதமாகக் காலையில் குரக்கன் கூழ் குடிக்கிறேன், மாலையில் நடக்கிறேன். சாப்பிட்ட பின் பார்த்தால் சீனி 200க்கு மேல். ஏன்? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: குரக்கனும் மாச்சத்துத்தான். மில்லில் நைசாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, சர்க்கரையும் போட்டால் சீனி விறுவிறென்று ஏறும். பிட்டாக அவியுங்கள். மாவை இலேசாக வறுத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழையுங்கள், ஊற்றினால் களியாகிவிடும். ஒரு தேநீர்க் கோப்பை பிட்டு போதும். அவித்த கௌபியும் முருங்கையிலை வறையும் தாராளமாக இருக்கட்டும்.

அப்புவைத் திடமாக வைத்திருந்தது குரக்கன் மட்டுமா? மண்வெட்டி பிடித்தார், துலா மிதித்தார், குந்தியிருந்து களை பிடுங்கினார். நடை நல்லதுதான், ஆனால் சீனியை எரிக்கும் தசைக்கு அது காணாது. வாரத்தில் 3 நாள், 5 லீற்றர் தண்ணீர்க் கானை நெஞ்சோடு அணைத்தபடி கதிரையில் 10 தரம் இருந்தெழும்புங்கள். இளைப்பாறி இன்னும் 2 சுற்று. குதி நிலத்தை விட்டுக் கிளம்பக்கூடாது, பாரம் முழங்காலுக்குப் போய்விடும். நொந்தால் கானை வைத்துவிட்டு வெறுங்கையோடு செய்யுங்கள்.

சீனிக்குக் குளிசை எடுப்பவரானால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். 3 மாதம் கழித்து எச்பிஏ1சி (கடந்த 2, 3 மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தச் சோதனை) செய்துகொண்டு கிளினிக்கில் கதையுங்கள்.